பழைய டின், பழைய ஏணி, ஒரே ஒரு பெயிண்ட் டப்பா: சிக்கனமாக ஒரு வராந்தா தோட்டம்

முதலில் கேட் அருகே போய் நின்று, உங்கள் வராந்தாவை போனில் ஒரு படம் எடுங்கள். தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாததெல்லாம் படத்தில் தெரியும். மூலையில் சாய்த்து வைத்த துடைப்பம், ஜோடி இல்லாத செருப்பு, எப்போதோ காய்ந்துபோன செடியோடு நிற்கும் தொட்டி. அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, தரையைக் கழுவி, மறுபடி ஒரு படம் எடுங்கள். பைசா செலவில்லாமல் பாதி வேலை முடிந்திருக்கும்.

நான் முதல் தடவை இறங்கியபோது இதைச் செய்யவில்லை. கைக்குக் கிடைத்த டப்பா, பாட்டில், கூடை எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு நிறம் அடித்து வரிசையாக வைத்தேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகு. சேர்த்துப் பார்த்தால் பழைய சாமான் குவித்த மாதிரி இருந்தது. அடுத்த வருடம் பாதியைக் கழித்துவிட்டு, மீதிக்கெல்லாம் ஒரே நிறம் அடித்தேன். அதே டப்பாக்கள்தான், ஆனால் வராந்தாவே வேறு மாதிரி ஆகிவிட்டது. வேறு வேறு உருவமுள்ள பழைய பொருட்களை ஒரு குடும்பமாகக் காட்டுவது நிறம்தான். அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு நிறத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளை, சாம்பல், செங்கல் நிறம், எதுவானாலும் சரி. கூடவே இன்னொன்று வேண்டுமென்றால் அதைக் கொஞ்சமாக மட்டும் பயன்படுத்துங்கள். பூவும் இலையும் தங்கள் நிறத்தைக் கொண்டுவரப் போகின்றன, அவற்றுக்கு இடம் விட வேண்டும்.

டின் தொட்டிகள்

எண்ணெய் டின், பெரிய பால் பவுடர் டின் எதுவும் ஆகும். 15 செ.மீ.க்குக் குறையாத ஆழம் இருந்தால் நல்லது. பூச்சிமருந்தோ தின்னரோ இருந்த டின்கள் வேண்டாம்.

1. சோப்பு போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் காயவிடுங்கள். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். குறடால் அதை உள்பக்கமாக மடித்து, சுத்தியலால் தட்டிவிடுங்கள்.

2. அடியில் துளை போட வேண்டும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். டின்னைக் கவிழ்த்து வெளியிலிருந்து ஆணி அடித்தால், துளையைச் சுற்றித் தகரம் உள்பக்கமாகக் கிண்ணம்போல எழும்பும். அந்த விளிம்பைத் தாண்டினால்தான் தண்ணீர் வெளியேறும், மீதி அடியிலேயே தேங்கும். அதனால் டின்னை ஒரு மரக்கட்டைமேல் நிமிர்த்தி வைத்து, உள்ளிருந்து வெளியே அடியுங்கள். 20 செ.மீ. அகல டின்னுக்கு 5 அல்லது 6 துளைகள், சுண்டுவிரல் நுழையாத அளவில். ஆழமான டின்னில் சுத்தியல் இறங்காது. அப்போது நீளமான உளி அல்லது கம்பியை ஆணியின் இடத்தில் வைத்து, அதன் தலையில் அடிக்கலாம்.

3. வெளிப்பக்கம் முழுவதும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். மினுமினுப்பு மங்கினால் போதும். வழவழப்பான தகரத்தில் பெயிண்ட் நிற்காது, சில மாதத்தில் தோல்போல உரிந்து வரும். துரு இருந்தால் அதைச் சுரண்டிவிட்டு, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள்.

4. எனாமல் பெயிண்ட்டை மெல்லிய இரண்டு கோட்டாக அடியுங்கள். ஒரே கோட்டில் தடிமனாக அடித்தால் வழிந்து சொட்டுச் சொட்டாக நிற்கும். முதல் கோட் ஓர் இரவு முழுக்கக் காயட்டும்.

5. தொட்டி நேரடியாகத் தரையில் உட்கார வேண்டாம். மூன்று ஓட்டுத் துண்டுகளை அடியில் கொடுத்தால் தண்ணீர் வடியும், தரையில் துருக்கறையும் குறையும்.

ஒரு விஷயம். தகரம் வெயிலில் சுடும். மதிய வெயில் விழும் பக்கத்தில் வேர் வெந்துபோகும். இந்தத் தொட்டிகளை வராந்தாவின் நிழல் பக்கம் வையுங்கள். வெயிலில்தான் வைத்தாக வேண்டுமென்றால் வெளிர் நிறம் அடியுங்கள்.

மண்தொட்டி கைவசம் இருந்தால் வேலை இன்னும் சுலபம். புதுத் தொட்டி என்றால் செடி வைக்கும் முன் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். காய்ந்த தொட்டி செடிக்கு ஊற்றும் தண்ணீரைத் தானே குடித்துவிடும்.

மண்கலவையும் இலவசச் செடிகளும்

தோட்டத்து மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, மணலும் தேங்காய் நார்க்கழிவும் சேர்ந்து ஒரு பங்கு. வெறும் மண்ணை நிரப்பினால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இறுகிக் கட்டியாகிவிடும். தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே தண்ணீர் தயங்கி நிற்கும், வேர் இருக்கும் மண்தான் இன்னும் ஈரமாகும். துளைமேல் ஒரு துண்டு கொசுவலையோ தேங்காய் நாரோ வைத்து, மேலே கலவையை நிரப்புங்கள். அது போதும்.

செடிகளுக்கு அக்கம்பக்கத்தைக் கேளுங்கள். தோட்டம் வைத்திருப்பவர்கள் தண்டு வெட்டிக் கொடுக்க மறுப்பது அரிது. மணி பிளாண்ட், குரோட்டன், கோலியஸ், செம்பருத்தி, டேபிள் ரோஸ் எல்லாம் வெட்டிய தண்டிலிருந்தே வரும். கணுவுக்குச் சற்றுக் கீழே, கூரான கத்தியால் வெட்டுங்கள். வேர் அந்தக் கணுவிலிருந்துதான் கிளம்பும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி நட்டு, இரண்டு மூன்று வாரம் நிழலில் வையுங்கள். துளிர் வந்துவிட்டதே என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். தண்டில் இருந்த சத்தை வைத்தே துளிர் வரும், வேர் அதற்குப் பிறகும் பிடிக்கலாம். லேசாக இழுத்தால் வராமல் நின்றால் வேர் பிடித்துவிட்டது.

மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளான்ட் உங்களுக்குப் பிடிக்குமென்றால் ஒன்றைக் கவனியுங்கள். இலையை வெட்டி நட்டால் செடி வரும், ஆனால் அந்த மஞ்சள் கரை வராது, வெறும் பச்சையாகத்தான் முளைக்கும். கரையோடு வேண்டுமென்றால் பக்கக் கன்றைப் பிரித்து நடுங்கள்.

ஏணியும் பெட்டியும்: உயரத்துக்கு

எல்லாத் தொட்டியும் ஒரே உயரத்தில் தரையில் நின்றால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். பழைய மடக்கு ஏணி ஒன்று இருந்தால் அதை விரித்து, எதிரெதிர்ப் படிகளுக்குக் குறுக்கே பலகை போட்டுக் கட்டுக்கம்பியால் கட்டிவிடுங்கள். அடுக்கு தயார். கனமான தொட்டி கீழே, தொங்கும் கொடிகள் மேலே. குழந்தைகள் ஓடும் இடமானால் ஏணியைச் சுவரோடு ஒரு கொக்கி போட்டு இறுக்கிவிடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரக்கு ஏற்றி இறக்கும் மரப் பேலட் கிடைத்தால் அதிலும் பெஞ்ச், சுவர்த் தட்டு என்று நிறையச் செய்யலாம். எடுக்கும் முன் பக்கவாட்டில் உள்ள முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் மரத்தில் பூச்சி போகாமல் இருக்க 2002-இல் ஒரு பன்னாட்டு விதி வந்தது. அதன்படி கோதுமைக் கதிர் படத்தோடு எழுத்துகள் குத்தியிருப்பார்கள். எச்.டி. (HT) என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள், பயமில்லை. எம்.பி. (MB) என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயு போட்டது. அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறை இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பழைய நாற்காலி, ஜன்னல் சட்டம் போன்றவற்றின் பெயிண்ட்டைச் சுரண்டும்போதும் கவனம் வேண்டும். பல வருடத்துக்கு முந்தைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசி மூச்சோடு உள்ளே போகும். மரத்தை நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் அந்தப் பொருளே வேண்டாம்.

இலை பதிந்த நடைகற்கள்

இந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். கேட்டிலிருந்து வராந்தா வரை, அல்லது செடிகளுக்கு நடுவே கால் வைத்து நடக்க வட்டக் கற்கள். அச்சுக்குப் பழைய பிளாஸ்டிக் பேசின் போதும், அடி தட்டையாகவும் பக்கங்கள் மேலே விரிந்தும் இருக்க வேண்டும்.

அளவு: 30 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிமன் உள்ள ஒரு கல்லுக்கு ஒரு லிட்டர் டப்பாவால் சிமெண்ட் 1, மணல் 2, பொடி ஜல்லி 3. தண்ணீர் முக்கால் லிட்டருக்குள். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கஞ்சிபோல வழியக் கூடாது. தண்ணீர் அதிகமானால் கல் பலமிழந்து வெடிக்கும்.

கையுறை கட்டாயம். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும், அந்த நேரத்தில் வலி தெரியாது, இரவில்தான் எரிச்சல் தொடங்கும். சிமெண்ட்டை உலர்வாகக் கலக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

அச்சின் உள்ளே எண்ணெய் தடவுங்கள். நரம்பு எழும்பிய பெரிய இலை ஒன்றை அடியில் வையுங்கள். வழவழப்பான மேல்பக்கம் பேசினைத் தொட வேண்டும், நரம்பு புடைத்த அடிப்பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். இலை நகராமல் முதலில் ஒரு கைப்பிடி கலவையை அதன் நடுவில் அழுத்தி, பிறகு சுற்றிலும் நிரப்புங்கள். பேசினை இரண்டு பக்கமும் பிடித்துத் தரையில் மெதுவாகத் தட்டத் தட்டக் காற்றுக் குமிழிகள் மேலே வந்து உடையும். குமிழி நின்றதும் பலகைத் துண்டால் மட்டம் செய்து, நிழலில் வைத்து ஈரச் சாக்கால் மூடுங்கள்.

இரண்டு நாள் கழித்துக் கவிழ்த்துத் தட்டினால் கல் இறங்கிவிடும். மேலே வரும் பக்கத்தில் இலை இன்னும் ஒட்டியிருக்கும், பழுப்பாகி, ஈரத்தோடு. காம்பைப் பிடித்து மெதுவாக உரியுங்கள். நடு நரம்பு, அதிலிருந்து பிரியும் கிளைகள், ஓரத்துப் பல் வரை கல்லில் இறங்கியிருக்கும். இடுக்கில் சிக்கிய துணுக்குகளை இப்போது நோண்ட வேண்டாம், சில நாளில் காய்ந்து தானே உதிரும்.

அப்புறம் ஒரு வாரம் கல்லை ஈரமாகவே வைத்திருங்கள். சிமெண்ட் வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. பதிக்கும்போது 3 செ.மீ. மணல் பரப்பி, கல்லின் நடுவுக்கும் அடுத்த கல்லின் நடுவுக்கும் 60 செ.மீ. இடைவெளி விடுங்கள். நிச்சயம் செய்யும் முன் கற்களைத் தரையில் சும்மா வைத்து வீட்டில் எல்லோரையும் ஒரு முறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஆள் காலடி எட்டும் தூரம் வேறுபடும்.

விளக்கு

ஜாம் பாட்டிலின் உள்ளே சூரிய ஒளி விளக்குச் சரத்தைச் சுருட்டிப் போட்டு, அதன் தகட்டை வெயில் படும் இடத்தில் வைத்தால் போதும், வயரிங் வேலை இல்லை. ஒன்றிரண்டு வருடத்தில் மங்கினால் விளக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரீசார்ஜ் பேட்டரிதான் தேய்ந்திருக்கும். அதே அளவில், அதே வகையில் புதியதை மாற்றினால் மறுபடி எரியும்.

வாரம் ஒரு நாள், பத்து நிமிடம்

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் வாரம் ஒரு முறை அதைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். வெப்பமான நாட்களில் கொசு முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். பழைய டயரைத் தொட்டியாக்கும் யோசனையை நான் விட்டதற்கும் இதுவே காரணம். எப்படி வைத்தாலும் அதன் வளைவுக்குள் தண்ணீர் தங்கிக்கொண்டே இருக்கும். கழுவும்போதே டின் தொட்டிகளின் துளைகளில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள், மண் அடைத்திருந்தால் குத்திவிடுங்கள். பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் துரு தொடங்குவதற்குள் தொட்டுவிட, மிச்சமான பெயிண்ட்டை ஒரு சிறிய பாட்டிலில் இறுக மூடி வையுங்கள். மேலே நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தீர்ந்தபிறகு அதே நிறத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.