ஆபீஸ் டூருக்குக் கடற்கரை ரிசார்ட்: முன்பணம் கட்டும் முன் நாம் செய்யும் தவறுகள்

சென்னையில் இருக்கும் கம்பெனிக்கு இரண்டு நாள் டூர் என்றால் கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி என்று ஈ.சி.ஆர் வழியேதான் பேச்சு போகும். எங்கள் ஆபீஸில் அந்த ஏற்பாட்டைச் சில வருடங்களாக நான் பார்க்கிறேன். முதல் முறை நாற்பது பேருக்கு ரிசார்ட் எடுத்தபோது படத்தை மட்டும் பார்த்து முன்பணம் கட்டிவிட்டேன். படத்தில் புல்வெளி, தென்னை, அதற்கப்பால் நீலக் கடல். போய் இறங்கினால் புல்வெளியும் இருந்தது, கடலும் இருந்தது. நடுவே கால் வைக்க மணல் இல்லை, கருங்கல் குவியல்தான். வாலிபால் வலையோடு வந்த பையன்கள் கார் நிறுத்துகிற இடத்தில் வலையைக் கட்டி ஆடினார்கள்.

ஆகவே முதலில் மணலைக் கேளுங்கள். நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வருடத்தின் பெரும்பகுதி அலைகள் அதை வடக்கே நகர்த்துகின்றன, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. மொத்தக் கணக்கில் வடக்கு நோக்கிய ஓட்டமே அதிகம். குறுக்கே ஒரு சுவர் வந்தால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இதனால்தான். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வந்தபோதும் அதுவே நடந்தது. துறைமுகத்துக்குத் தெற்கே அகன்ற மணல்வெளி. வடக்கே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் மீனவர் வீடுகள்வரை அரிப்பு. ரிசார்ட்டின் பெயரில் 'பீச்' என்று இருப்பதால் வாசலில் பீச் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைத் திறந்து, வெள்ளைப் பட்டை மணலா, கறுப்புக் கோடாகக் கல்லா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதியை நேரில்தான் பார்க்க வேண்டும்.

'கடலைப் பார்த்த அறை' என்பதிலும் ஏமாறுகிறோம். கடலோர ஒழுங்குமுறை விதிகள் 1991 முதல் இருக்கின்றன. ஊர்ப்புறக் கரைகளில், உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது ஏற்றத்தின்போது கடல்நீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் புதுக் கட்டடங்களைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆகவே நல்ல ரிசார்ட்டிலும் அறையிலிருந்து தண்ணீருக்கு ஒரு நடை இருக்கும். அது குறையே இல்லை. ஆனால் முழங்கால் வலி உள்ளவர், கர்ப்பிணி, கைக்குழந்தையோடு வருபவர் இருந்தால் அந்த நடை எவ்வளவு, வழியில் படி உண்டா, வெளிச்சம் உண்டா என்று கேட்காமல் புக் செய்யாதீர்கள். 'பிரைவேட் பீச்' என்ற வார்த்தையையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கரை பொதுச் சொத்து. அங்கே படகும் வலையும் காய்கின்றன என்றால் அது அந்தக் குப்பத்து மக்களின் வேலையிடம், நாம்தான் விருந்தாளிகள்.

இனி நான் மிகவும் பயப்படுகிற தவறு. நீச்சல் குளம் எத்தனை அடி ஆழம் என்று கேட்கிற நாம், கடலில் யார் காவல் என்று கேட்பதில்லை. மாமல்லபுரம் பக்கம் ஒருமுறை எங்கள் ஆட்கள் ஐந்தாறு பேர் தண்ணீரில் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைத்தது, நடுவில் மட்டும் அமைதியாக இருந்தது. அங்கேதான் பத்திரம் என்று நினைத்து அந்தப் பக்கமே நகர்ந்தார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து ஓடிவந்தார்: "தம்பி, அங்க எறங்காதீங்க! தண்ணி உள்ள இழுக்குது!" அவர் சொன்னது முழுக்கச் சரி. கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. அங்கே ஆழம் கூடுதல் என்பதால் அலை உடையாது, ஆனால் இழுப்பு இருக்கும். மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பைத் தாண்டிய பிறகுதான் திரும்ப வேண்டும். பஸ்ஸில் மைக் பிடித்து அந்தாக்ஷரி தொடங்கும் முன் இதை இரண்டு நிமிடம் சொல்லுங்கள். குடித்தவர் தண்ணீரில் இறங்கக் கூடாது, இருட்டிய பிறகு யாருமே இறங்கக் கூடாது. இதில் மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ரிசார்ட்டிடம் கேட்க வேண்டியவை: கரையில் உயிர்காப்பாளர் உண்டா, எந்த நேரம்வரை? மிதவை, கயிறு எங்கே இருக்கிறது? பக்கத்து ஆஸ்பத்திரி எது? மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறக்குறைய 30 கி.மீ. இந்தத் தூரமெல்லாம் முன்பே மனதில் இருக்க வேண்டும்.

தேதியிலும் தவறு நடக்கிறது. வருடக் கடைசி என்று நவம்பர், டிசம்பரில் வைக்கிறோம். இந்தக் கரைக்கு அதுதான் புயல் மாதம். 2022 டிசம்பர் 9, வெள்ளி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30, சனிக்கிழமை ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே வந்தது, அங்கே ஒரே நாளில் 48 செ.மீ.க்கும் மேல் மழை. இரண்டுமே டூர் போகிற வார இறுதி. பிப்ரவரி, மார்ச் எடுத்தால் வெயிலும் தாங்கும், கடலும் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். டிசம்பர்தான் வேண்டும் என்றால், வானிலை மையம் அந்த மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விட்டால் கூடுதல் கட்டணமில்லாமல் தேதி மாற்றித் தருவோம் என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். போனில் "பாத்துக்கலாம் சார்" என்றால் போதாது.

பணக் கணக்கில் 'வரி தனி' என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை இருந்தால் ஜி.எஸ்.டி 5%, அதைத் தாண்டினால் 18%. ரூ.7,400-க்கும் ரூ.7,600-க்கும் உள்ள வித்தியாசம் இருநூறு ரூபாய் மட்டுமல்ல. இன்னொன்று, புதுச்சேரி ரிசார்ட் போடும் வரி புதுச்சேரிக் கணக்கில் போகிறது. தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி பதிவு மட்டும் உள்ள கம்பெனி அதை உள்ளீட்டு வரியாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி-யிலிருந்து, கழிக்க முடியாது. அக்கவுன்ட்ஸிடம் முன்பே பேசிவிடுங்கள்.

'ட்ரிபிள் ஷேரிங்' என்றால் மூன்று கட்டில் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் மூன்றாமவருக்குத் தரையில் மெத்தைதான். அந்த மெத்தை எப்போதும் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கோ பையனுக்கோதான் போகும், அவர்கள் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். அறைப் பட்டியலை அவசரத்தில் ரிசெப்ஷனில் நின்று எழுதாமல், முந்தைய வாரமே யாரோடு தங்கச் சம்மதம் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். பெண்களின் அறைகள் ஒரே வரிசையில், உள்தாழ்ப்பாள் சரியாக இருக்கும்படி பாருங்கள். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, வேலை தொடர்பாகப் போகிற இடமும் கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான். ரிசார்ட் புல்வெளி இதற்கு விலக்கில்லை. அந்தச் சட்டப்படி கம்பெனியில் உள்ள புகார்க் குழுவின் உறுப்பினர் ஒருவராவது கூட வரட்டும்.

திறந்தவெளிப் பாட்டுக் கச்சேரி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும். அது சட்டம். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் மூடிய ஹால் உள்ள இடமாக எடுங்கள். சைவத்துக்குத் தனிக் கவுன்டர், தனிக் கரண்டி.

நேரில் பார்க்கப் போவதாக இருந்தால் சனிக்கிழமை மாலை போங்கள். செவ்வாய்க்கிழமை மதியம் எந்த ரிசார்ட்டும் அழகாகத்தான் இருக்கும். அறையைக் காட்டிய பிறகு, டிரைவர்கள் எங்கே தூங்குவார்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் ஃபேன் இல்லாத ஒரு ஷெட்டைக் காட்டுவார்கள், சில இடங்களில் பஸ்ஸையே காட்டுவார்கள். ஞாயிறு மாலை நாற்பது பேரும் அசந்து தூங்கிக்கொண்டு வரும் வண்டியை ஓட்டப்போகிறவர் அவர். அவருக்கு ஒரு கட்டிலும் குளிக்க ஓரிடமும் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள்.