நாகப்பட்டினத்தை அறிந்துகொள்வது எப்படி: புதிதாக வருபவருக்கு ஒரு வழிகாட்டி

வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி என இரண்டு பெரிய யாத்திரைத் தலங்களுக்கு நடுவில் இருப்பதால், நாகப்பட்டினத்தைக் கடந்து செல்பவர்கள் மிகுதி. அதில் தங்கிப் பார்ப்பவர்கள் குறைவு. பேருந்து மாறுவதற்காக இறங்கி, ஒரு தேநீர் குடித்துவிட்டு அடுத்த பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். பணியிட மாற்றத்தில் வருபவர்களுக்கும், மீன்வளப் பல்கலைக்கழகத்தில் படிக்க வருபவர்களுக்கும், இரண்டு மூன்று நாள் தங்கி ஊரையும் மக்களையும் அறிய விரும்பும் பயணிகளுக்கும் உதவும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் இருத்த வேண்டிய ஒன்று உண்டு. தஞ்சாவூரிலிருந்து வயல்களின் நடுவே கிழக்கு நோக்கி வருபவருக்கு நாகை நிலத்தின் கடைசி ஊராகத் தெரியும். ஆனால் ஆயிரம் ஆண்டுகளாகக் கப்பலில் வந்தவர்களுக்கு அதுவே முதல் ஊர். இங்குள்ள கோயில், தர்கா, தேவாலயம், கல்லறை, ரயில் பாதை ஆகிய எதைப் பார்த்தாலும், 'இது கடலோடு எப்படித் தொடர்புடையது?' என்று கேட்டுக்கொண்டால் பாதி விளங்கிவிடும். அதனால் பேருந்து நிலையத்திலிருந்தோ கோயிலிலிருந்தோ தொடங்காமல் ஆற்று முகத்துவாரத்திலிருந்து தொடங்குங்கள்.

எப்போது வருவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் தாங்கும். கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் சின்னம் உருவானால் படகுகள் கரையிலேயே நிற்கும். 1977 நவம்பரில் வந்த புயலும், 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலும் இப்பகுதியை எவ்வளவு ஆழமாகத் தாக்கின என்பதை இங்குள்ள எந்தக் குடும்பமும் சொல்லும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால் துறைமுகத்தின் பரபரப்பைக் காண வருபவர் ஏமாறக்கூடும்; மீனவர்களோடு பேச வருபவருக்கோ இதைவிட நல்ல காலம் இல்லை. படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்த்து, வண்ணம் பூசி, வலைகளைச் சீர்செய்யும் அந்த வாரங்களில்தான் அவர்களுக்கு நின்று பேச நேரம் கிடைக்கிறது.

முதல் நாள் விடியற்காலையில் எழுந்து அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் செல்லுங்கள். காவிரியின் கிளைகளுள் ஒன்றான கடுவையாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி மீன்பிடித் துறைமுகம் அமைந்திருக்கிறது. பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் சென்று திரும்பும் விசைப்படகுகளும், அன்றாடம் போய்வரும் ஃபைபர் படகுகளும் வந்து சேர, மீன் வகை பிரிக்கப்பட்டு, கூறு கட்டி ஏலம் விடப்படும். ஏலம் எடுப்பவர்களில் பெண்கள் கணிசமாக இருப்பதைக் கவனியுங்கள். கடலில் ஆண்கள் ஈட்டுவதைக் கரையில் பணமாக்குவது பெரும்பாலும் அவர்களே. தலைச்சுமையாகவும் சிறு வண்டிகளிலும் உள்ளூர்த் தெருக்களுக்கு மீன் கொண்டுபோகும் பெண்களின் உழைப்பைப் பார்க்காமல் இந்த ஊரின் பொருளாதாரம் புரியாது.

அங்கே நடந்துகொள்ள வேண்டிய முறைகள் எளியவை. ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள்; விரித்துப் போட்டிருக்கும் வலையை மிதிக்காமல் சுற்றிச் செல்லுங்கள்; கேட்காமல் முகத்துக்கு நேரே படம் எடுக்காதீர்கள். 'அண்ணே', 'அக்கா' என்று அழைத்துப் பேசலாம். மீனவர்கள் மீன்பிடிக்கப் போவதைத் 'தொழிலுக்குப் போவது' என்றும், கிடைத்த மீனின் அளவைப் 'பாடு' என்றும் சொல்வார்கள். 'இன்றைக்குப் பாடு எப்படி?' என்று கேட்டால் உரையாடல் தானே தொடங்கும், 'எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்?' என்று கேட்டால் அங்கேயே முடிந்துவிடும்.

பேச்சு நீண்டால் ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றிக் கேளுங்கள். கடற்கரைக் கிராமங்கள் ஒவ்வொன்றிலும் பஞ்சாயத்தார் உண்டு. கோயில் திருவிழாவுக்கான வரியைத் தலைக்கட்டு வாரியாக, அதாவது குடும்பவாரியாகத் திரட்டுவது முதல் படகுகளுக்கிடையே எழும் சச்சரவைத் தீர்ப்பது வரை அவர்கள் பொறுப்பில் இருக்கிறது. அரசின் உள்ளாட்சி அமைப்பு வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் புதிய அலுவலர்கள் தேவையில்லாத சங்கடங்களைச் சந்திக்கிறார்கள். ஒரு கிராமத்தில் கணக்கெடுப்போ ஆய்வோ செய்ய வேண்டியிருந்தால், முதலில் பஞ்சாயத்தாரைப் பார்த்து விவரம் சொல்லிவிட்டு வீடுகளுக்குச் செல்வதே முறை. மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலையைப் பற்றியும், எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையால் படகுகள் பிடிக்கப்படுவதைப் பற்றியும் கடுமையான கருத்துகளைக் கேட்பீர்கள். கிராமத்துக்குக் கிராமம் நிலைப்பாடு மாறும். விசைப்படகுக்காரர் சொல்வதும் நாட்டுப்படகுக்காரர் சொல்வதும் ஒன்றாக இராது. முதல் சந்திப்பிலேயே எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டுக்கொள்வது நல்லது.

துறைமுகத்தைப் பார்த்த பிறகு ஊருக்குள் வந்து காயாரோகண சுவாமி, நீலாயதாட்சி அம்மன் கோயிலுக்குச் செல்லுங்கள். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவராலும் பாடப்பட்ட நாகைக் காரோணம் இதுதான். தியாகராசருக்குரிய ஏழு தலங்களான சப்தவிடங்கத் தலங்களுள் ஒன்றான இங்கு தியாகராசருக்குச் சுந்தரவிடங்கர் என்று பெயர். அவர் ஆடுவதாகச் சொல்லப்படும் நடனம் கடல் அலையின் அசைவை ஒத்தது. கடற்கரை ஊரில் இறைவனும் அலைபோல் ஆடுகிறார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவரான அதிபத்தர் இந்த ஊரின் மீனவர். கிடைக்கும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவந்த அவர், வறுமை வாட்டிய காலத்தில் வலையில் ஒரே ஒரு மீனாக வந்த பொன்மீனையும் அவ்வாறே விட்டார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அவர் வாழ்ந்த நுளைப்பாடி இன்றைய நம்பியார் நகர்ப் பகுதி என்று ஊரார் சொல்வார்கள். ஆவணி மாதத்தில் நடக்கும் அதிபத்தர் விழாவில் பொன்மீனைக் கடலில் விடும் நிகழ்ச்சியைக் காண வாய்த்தால் தவறவிடாதீர்கள். கோயிலும் குப்பமும் ஒன்றாக நிற்கும் நாள் அது. அருகிலேயே திருமங்கையாழ்வார் பாடிய சௌந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது.

காயாரோகணக் கோயிலின் கல்வெட்டுகளில், பதினொன்றாம் நூற்றாண்டில் ஸ்ரீவிஜய அரசனின் முகவர்கள் அளித்த கொடைகளும் பதிவாகியுள்ளன; அவற்றில் 'சீனக்கனகம்', அதாவது சீனப் பொன், குறிப்பிடப்படுகிறது. இந்த ஒரு சொல்லை வைத்தே நாகையின் பழைய வாழ்வை விரித்துப் பார்க்கலாம். இன்றைய இந்தோனேசியப் பகுதியை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன், முதலாம் இராஜராஜனின் இசைவோடு இங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினான். அதற்கு இராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். அதைச் சொல்லும் செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போனதால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. சிவன் கோயிலுக்கும் பௌத்தப் பள்ளிக்கும் ஒரே கடல் கடந்த அரசன் கொடை அளித்தான் என்பதைச் சோழர் வரலாறு படிக்கும் மாணவர்கள் நேரில் வந்து உணர வேண்டும். ஆனால் விகாரத்தைத் தேடி அலையாதீர்கள். பழைய பௌத்தக் கட்டடத்தின் எச்சமாக நின்ற செங்கற்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அந்த இடம் அப்போது சேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையினரிடம் இருந்தது. அவர்கள் 1844இல் நாகையில் தொடங்கிய கல்லூரிதான் 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறி, தூய வளனார் கல்லூரியாக விளங்குகிறது.

போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் இங்கு வணிகத் தளம் அமைத்தனர். 1658இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றி, 1690இல் சோழமண்டலக் கரையின் தலைமையகத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே கொண்டுவந்தனர். 1781இல் ஆங்கிலேயர் பிடித்தனர். டச்சுக் காலக் கல்லறைகளைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். ரயில் நிலையத்தைச் சாதாரணமாகக் கடந்துவிடாதீர்கள்: தென்னிந்தியாவின் பழைய பாதைகளுள் ஒன்று 1861இல் இங்கிருந்து தஞ்சாவூருக்கும், அடுத்த ஆண்டு திருச்சிக்கும் போடப்பட்டது. ரயில்வே பணிமனையும் இங்கேயே இருந்து, பின்னர் திருச்சியை அடுத்த பொன்மலைக்குச் சென்றுவிட்டது. ரஜூலா போன்ற பயணிகள் கப்பல்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இவ்வூர் மக்களை ஏற்றிச் சென்ற காலத்தைப் பற்றி எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேளுங்கள்; குடும்பத்தில் ஒருவராவது அக்கரை போயிருப்பார். 2023 அக்டோபர் 14 அன்று காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. வானிலையைப் பொறுத்து அட்டவணை மாறும் என்பதால் அதில் செல்ல நினைப்பவர்கள் கடவுச்சீட்டை எடுத்துக்கொள்வதோடு, புறப்படும் வாரத்திலேயே விசாரித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் நாளை நாகூருக்கு ஒதுக்குங்கள். வடக்கே சில கிலோமீட்டர்தான். நகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியுள்ள தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமானது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டித்தந்தது. உயரம் 131 அடி. தலையை மூடிக்கொண்டு, காலணிகளை வெளியே விட்டுச் செல்லுங்கள். எந்தச் சமயத்தவருக்கும் தடை இல்லை. கந்தூரி விழா இஸ்லாமிய நாட்காட்டியின் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் முன்னே நகரும். 14 நாள் விழாவில், ஆண்டகையின் அடக்கத்தலத்தில் பூசுவதற்கான சந்தனத்தை ஏற்றிவரும் சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டு நாகூர் சேரும் இரவே உச்சம். அந்த நாட்களில் தங்கும் அறை கிடைப்பது அரிது. நாகூர்க் கப்பல் வணிகர்கள் சென்ற இடங்களுக்கெல்லாம் ஆண்டகையின் நினைவையும் கொண்டுசென்றார்கள் என்பதற்குப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர் பெயரால் எழுந்த தர்காக்கள் சான்று. மாலையில் கடைத்தெருவில் இறால் வைத்துச் சுட்ட வாடாவைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

வேளாங்கண்ணி தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 1962இல் பேராலயமாக உயர்த்தப்பட்ட ஆரோக்கிய அன்னை ஆலயத்தின் திருவிழா ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும். விழா நாட்களில் கூட்டத்தைத்தான் பார்க்க முடியும், ஊரைப் பார்க்க முடியாது. ஆகவே அமைதி வேண்டுபவர்கள் வேறு மாதத்தில் செல்லுங்கள். நாகைக்கு மேற்கே சிக்கல் சிங்காரவேலர் கோயில் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கந்த சஷ்டியில் முருகன் இங்கே தாயிடம் வேல் வாங்கித் திருச்செந்தூரில் சூரனை அழித்தான் என்பது மரபு. கீழ்வேளூர் வட்டத்துக் கீழ்வெண்மணிக்கும் ஒரு முற்பகல் ஒதுக்குங்கள். 1968 டிசம்பர் 25 இரவில் 44 தலித் விவசாயக் கூலித் தொழிலாளர் குடும்பத்தினர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட ஊர் அது. கரையின் செல்வத்துக்குப் பின்னே இருந்த வயல்வெளியின் கூலி வரலாற்றை அறியாமல் இந்த மாவட்டத்தை அறிந்ததாகச் சொல்ல இயலாது.

கடற்குப்பங்களில் பழகும்போது 2004 டிசம்பர் 26ஆம் நாளை நினைவில் வைத்திருங்கள். அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் சுனாமியில் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மிகப் பெரிய இழப்பு இங்கேதான். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் குழந்தைகளை இழந்த பெற்றோர் இன்றும் அதே தெருக்களில் வாழ்கிறார்கள். அதைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். குறிப்பேட்டையும் கைப்பேசியையும் உள்ளே வைத்துவிடுங்கள். நினைவு நாளில் கடலில் பாலூற்றி மலர் தூவுவார்கள். அன்று கரையில் இருக்க நேர்ந்தால் ஓரமாக நின்றால் போதும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானதால், பழைய நூல்களில் நாகை மாவட்டம் என்று குறிக்கப்படும் தரங்கம்பாடியும் பூம்புகாரும் இப்போது அந்த மாவட்டத்தில் உள்ளன. வடக்கே செல்லும் வழியில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியான காரைக்காலையும் கடப்பீர்கள். பயணத்தைத் திட்டமிடும்போது இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

ஊரைப் பார்த்து முடித்துச் சென்னைக்குத் திரும்புபவர்களுக்கு இன்னும் ஓரிடம் மிச்சம் இருக்கிறது. 1856 முதல் நாகையில் தோண்டியெடுக்கப்பட்ட சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகளில் பல எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் படிமக்கூடத்தில் உள்ளன. நாகையில் நிற்காத விகாரத்தை ஓரளவுக்கேனும் காண வேண்டுமானால் அங்கேதான் காண முடியும். நாகையைப் பார்க்கும் முன் போனால் அவை வெறும் சிலைகளாகவே தெரியும் என்பதால், இந்த வரிசையை மாற்றாதீர்கள்.