கையில் இருக்கும் துணிக்கு ஏற்ற குவில்ட் டிசைன்

குவில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைக்க ஆசைப்படும் பலர் முதலில் போனில் ஓர் அழகான டிசைனைப் பார்த்துவிட்டு, அதற்குத் துணி தேடிக் கடைக்குப் போகிறார்கள். பீரோவில் பிளவுஸ் பிட்டும் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையும் மடித்தபடியே கிடக்கும். நான் சொல்லப்போவது நேர்மாறான வழி: இருக்கிற துணியைப் பார்த்துவிட்டு, அப்புறம் டிசைனுக்கு வாருங்கள்.

முதல் வேலை, எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்புங்கள். பட்டு, ஜார்ஜெட், சிந்தெடிக் எல்லாம் தனியே போகட்டும். புதிதாகத் தைப்பவர்களுக்குக் காட்டன்தான் நல்லது, மெஷினில் வழுக்காது, இஸ்திரி போட்டால் மடிப்பு படிந்து நிற்கும். பழைய சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரிகிற இடத்தை வெட்டித் தள்ளிவிடுங்கள், அது தையலைத் தாங்காது.

அடுத்தது சாயம். ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொன்றையும் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். என் முதல் குவில்டில் இதைச் செய்யாமல் விட்டேன். முதல் துவைப்பிலேயே ஓர் அரக்குக் கட்டம் போட்ட துணி சாயம் இறங்கி, பக்கத்தில் இருந்த சந்தன நிறச் சதுரங்கள் எல்லாம் ரோஸ் ஆகிவிட்டன. மூன்று வாரம் தைத்தது. சாயம் விடுகிற துணியைத் தனியாக இரண்டு மூன்று முறை அலசுங்கள், அப்போதும் நிற்கவில்லை என்றால் அது இந்த வேலைக்கு வேண்டாம்.

இனி முக்கியமான இடம். பரப்பிய துணிகளைப் போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் நேரில் அடித்துக்கொள்வது போல் இருக்கும், ஆனால் படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரியலாம். குவில்ட் டிசைன் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அடர்த்திக்கும் வெளிர்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தால்தான். அதனால் அடர்த்தியானவை ஒரு பக்கம், வெளிறியவை ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம் என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

அடர்த்தி, வெளிர் இரண்டும் தாராளமாக இருந்தால் 'லாக் கேபின்' என்ற டிசைனைப் போடலாம். நடுவில் ஒரு சிறு சதுரம் (வழக்கமாகச் சிவப்பு), அதைச் சுற்றிச் சுற்றி நீளப் பட்டைகள், பாதிப் பக்கம் அடர்த்தி, பாதிப் பக்கம் வெளிர். தையல்காரரிடம் வாங்கிய ஒல்லியான வெட்டுத் துணிகூட இதில் வீணாகாது. எல்லாம் ஒரே மாதிரி நடுத்தரமாக இருந்தால் இதைத் தொடாதீர்கள், ஒன்றும் தெரியாது. அப்போது வெறும் சதுரங்களே அழகு, நடுவே ஒரு வெள்ளை வேட்டித் துணியைப் பட்டையாக விட்டால் ஒவ்வொன்றும் தனியாக எடுத்துக் காட்டும்.

பெரிய பூப்போட்ட துணியைச் சின்னதாக நறுக்க வேண்டாம். உள்ளங்கை அகலப் பூ என்றால் எட்டு அங்குலச் சதுரமாவது வேண்டும், இல்லாவிட்டால் பூ எது இலை எது என்றே தெரியாது. சுங்குடிப் புள்ளியும் பொடிக் கட்டமும் எவ்வளவு சின்னதாக வெட்டினாலும் தாங்கும். முக்கோண டிசைன்களை முதல் முறை தவிர்த்துவிடுங்கள், கிராஸாக வெட்டிய ஓரம் இழுபடும், அதிலும் துவைத்துத் துவைத்துத் தளர்ந்த சேலைத் துணி ரொம்பவே இழுபடும்.

எந்தத் துணியும் எதோடும் சேரவில்லையே என்று கவலையா? அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் நைந்துபோன வேலை உடுப்புகளை வைத்தே குவில்ட் தைத்தார்கள். சதுரத்துக்குள் சதுரமாகப் போகும் 'ஹவுஸ்டாப்' அவர்களுக்குப் பிடித்த அமைப்பு. 2002இல் அவை அருங்காட்சியகத்தில் தொங்கின, 2006இல் தபால்தலையிலும் வந்தன. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள், தைரியம் வரும்.

சரி, துணி போதுமா என்று கணக்குப் பார்ப்போம். முதல் குவில்டுக்கு நான் சொல்வது நைன் பேட்ச்: ஒன்பது சதுரம் சேர்ந்து ஒரு பிளாக். 3½ அங்குலத்துக்கு வெட்டி, ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் பிடித்துத் தைத்தால் ஒவ்வொரு சதுரமும் 3 அங்குலம் நிற்கும், பிளாக் 9 அங்குலம். குழந்தைக்கு 36க்கு 45 அங்குலம் போர்வை என்றால் 20 பிளாக். பிளாக்குக்கு அடர்த்தி 5, வெளிர் 4 என்றால் மொத்தம் 100 அடர்த்தி, 80 வெளிர். 90 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மீட்டர் துணியில் குறைந்தது 90 சதுரமாவது வரும், ஆக வெளிர் பக்கத்துக்கு ஒரே துணி போதும். அடர்த்திப் பக்கத்துக்குக் கலந்து கட்டுங்கள்.

எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அப்புறம் யோசிக்காதீர்கள். முதலில் இரண்டு பிளாக்குக்கு மட்டும் வெட்டித் தரையில் அடுக்கி, நாலடி தள்ளி நின்று பாருங்கள். டிசைன் தெரிகிறதா? அப்படியானால் மீதியை வெட்டலாம். முழுதும் அடுக்கி முடித்ததும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, வரிசை வரிசையாக அள்ளி, மேலே எண் எழுதிய தாளைக் குண்டூசியால் குத்திவிடுங்கள், நாளைக்கு மெஷினில் உட்காரும்போது எது எங்கே என்று தேட வேண்டியிருக்காது.