நோட்டு வேடமிட்ட நாடக விளம்பரம்: விக்டோரியா காலத் தாளைச் சோதிப்பது எப்படி?

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பாங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டைப் போலவே நாடக விளம்பரங்களை அச்சடித்தார்கள். சேகரிப்பாளர்கள் இவற்றை 'ஸ்கிட் நோட்டு' என்பார்கள். விளம்பரம் என்பதால் பார்த்ததும் கசக்கி எறிந்துவிடுவார்கள். தப்பிப் பிழைத்தவை கொஞ்சம்தான். அதனால் மறுபதிப்புகள் பழையவை போல விலைக்கு வருகின்றன.

தேவையானவை: 10 மடங்கு லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கி), 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், மேசை விளக்கு.

படி 1: அசல் நோட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

அன்றைய அசல் நோட்டு வெள்ளைத் தாள், கறுப்பு மை, ஒரு பக்கம் மட்டும் அச்சு. இடது மேல் மூலையில் பிரிட்டானியா (பிரிட்டனைக் குறிக்கும் பெண்) உருவம். இடது கீழே கறுப்புப் பின்னணியில் 'ஃபைவ்' போன்ற தொகை தடித்த வெள்ளை எழுத்தில். வெளிச்சத்தில் பிடித்தால் நீரெழுத்து (தாளுக்குள்ளேயே பதிந்த வாட்டர்மார்க்) தெரியும். விளம்பரத் தாளில் பிரிட்டானியா இடத்தில் வேறு உருவம் இருக்கலாம். 'கேட்டவுடன் தருவேன்' என்ற வாக்குறுதி வரி சிரிப்பையோ நாடகத்தையோ தருவதாக முடியலாம். நீரெழுத்து இல்லையே என்று பயப்பட வேண்டாம், மலிவான தாளில் அது இருக்காது.

படி 2: காலத்தைக் கண்டுபிடியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். விலை பேசும் முன் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். அச்சகத்தின் பெயரும் முகவரியும் பெரும்பாலும் அங்கே இருக்கும். லண்டன் முகவரியில் 'டபிள்யூ.சி.' போன்ற அஞ்சல் வட்டார எழுத்து இருந்தால் தாள் 1857-க்கு முந்தையதாக இருக்க முடியாது. எழுத்து இல்லை என்பதை மட்டும் வைத்து அதற்கு முந்தையது என்று சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து அரங்கும் நிர்வாகியும். லண்டனில் கெயிட்டி அரங்கு திறந்தது 1868-இல், சவாய் 1881-இல். அவற்றின் பெயர் உள்ள தாள் அதற்கு வெகு முன்பு அச்சாகியிருக்க முடியாது. நாடக விளம்பரங்களில் கிழமையும் தேதியும் மட்டும் போட்டு ஆண்டை விட்டுவிடுவது சகஜம். நாள்காட்டி அங்கே கைகொடுக்கும். உதாரணமாக, ட்ரூரி லேன் அரங்கு, நிர்வாகி அகஸ்டஸ் ஹாரிஸ், 'திங்கள், டிசம்பர் 26' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹாரிஸ் அங்கே இருந்தது 1879 முதல் 1896 வரை. அதற்குள் டிசம்பர் 26 திங்களில் விழுந்தது 1881, 1887, 1892 ஆகிய மூன்று ஆண்டுகளில்தான். அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது 1891-இல். பெயருக்கு முன் 'சர்' இருந்தால் 1892. இல்லையென்றால் பெரும்பாலும் மற்ற இரண்டில் ஒன்று, எது என்பதை நாடகத்தின் பெயர் சொல்லிவிடும்.

படி 3: லூப்பில் மையைப் பாருங்கள்

எழுத்தச்சு (மை தடவிய மேடான எழுத்தைத் தாளில் அழுத்தும் முறை) என்றால் எழுத்தின் ஓரத்தில் மை பிதுங்கிய கோடு தெரியும். பின்பக்கம் விரலால் தடவினால் சில தாள்களில் லேசான மேடு தட்டுப்படும். கல்லச்சு (சமதளக் கல்லிலிருந்து அச்சிடும் முறை) தட்டையாக இருக்கும், இரண்டுமே அந்தக் காலத்துக்குப் பொருந்தும். கறுப்புக்குள் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் சிதறியிருந்தால் அது கணினி அச்சு. அங்கேயே நிறுத்திவிடலாம்.

படி 4: மடிப்பும் தாளும்

விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். உண்மையான மடிப்பில் தாளின் நார் உடைந்து, மையும் அங்கே விட்டுப்போயிருக்கும். மடிப்புக் கோடு கண்ணுக்குத் தெரிந்தும் தாள் வழவழப்பாக இருந்தால், மடிந்த பழைய தாளைப் படமெடுத்து அச்சடித்திருக்கிறார்கள். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடியுங்கள். தாள் பளீரென நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டும் ரசாயனம் கலந்த தாள், பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தையது. ஒளிராத தாள் எல்லாம் பழையது ஆகிவிடாது. தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கிய தாளில் நிறம் திட்டுத்திட்டாகத் தேங்கி நிற்கும். வயதான தாள் பெரும்பாலும் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுக்கும்.

படி 5: பாதுகாப்பு

பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்துத் தாளில் ஒட்டிக்கொள்ளும். கிழிசலுக்கு செலோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் செய்த தாளை மீட்பது மிகக் கடினம். ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர் என்றால் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள். குறிப்பு எழுத வேண்டுமானால் உறைக்குள் தனிச் சீட்டில், பென்சிலால்.