மேய்ச்சல் நிலச் சூழலியலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது எப்படி?

மேய்ச்சல் நிலச் சூழலியலும் மேலாண்மையும் படிக்க விரும்புபவர், பல்கலைக்கழகத்தின் பெயரைவிட அதன் பாடத்திட்டத்தில் களப்பணிக்கு எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இத்துறை பல இடங்களில் தனித்துறையாக இல்லாமல் வேளாண்மை, வனவியல், இயற்கை வள மேலாண்மை ஆகியவற்றுள் ஒன்றின் கீழ் இயங்குவதால், துறையின் பெயரைக் கொண்டு தேடினால் நல்ல படிப்புகள் கண்ணில் படாமலே போகும். மண்ணியல், தாவர வகைப்பாடு, கால்நடை ஊட்டவியல், நீரியல், புள்ளியியல் ஆகிய ஐந்தும் ஒரே பட்டத்திற்குள் இருக்கின்றனவா என்று பாடப் பட்டியலைத் திறந்து சரிபார்ப்பதே நம்பகமான வழி.

முதல் ஆண்டிலேயே தாவரங்களை அடையாளம் காணப் பழகத் தொடங்குங்கள். பூக்காத புல்லை இனம் காண்பதுதான் கடினம். ஆனால் களத்தில் பெரும்பாலும் கிடைப்பது மேயப்பட்டு, பூங்கொத்தை இழந்த புல்லே. எனவே இலை தண்டோடு சேருமிடத்தில் உள்ள மெல்லிய சவ்வு, இலையுறையின் மயிர்கள், கணுவின் நிறம் போன்ற அடையாளங்களைக் கை உருப்பெருக்கியால் பார்த்துப் பழகி, ஒவ்வொரு செடியையும் அழுத்தி உலர்த்தி, பறித்த இடம், நாள், மண்ணின் தன்மை ஆகியவற்றோடு சேர்த்து வைக்க வேண்டும். 1948-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மேய்ச்சல் நில மேலாண்மைச் சங்கம், மாணவர்களுக்கெனத் தாவர அடையாளப் போட்டி நடத்துகிறது. பரிசு கிடைக்காவிட்டாலும் அதற்காகச் செய்யும் பயிற்சி வீண்போகாது.

அடுத்தது அளவீடு. ஒரு சதுர மீட்டர் சட்டத்தை நிலத்தில் வைத்து, அதனுள் இருக்கும் தீவனத்தை அறுத்து, எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி நிறுக்கிறோம். பல சட்டங்களின் சராசரி 80 கிராம் என்றால், ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர் என்பதால், பத்தால் பெருக்க, ஹெக்டேருக்கு 800 கிலோ ஆகிறது. நூறு ஹெக்டேரில் உள்ள 80,000 கிலோவில் கால் பங்கை மட்டும் மேய்ச்சலுக்குக் கணக்கிட்டால் 20,000 கிலோ. ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள ஒரு மாடு நாளொன்றுக்கு 12 கிலோ உலர்தீவனம் உண்ணும் என்று கொண்டால், ஐந்து மாதங்களுக்கு அந்நிலம் பதினொரு மாடுகளைத் தாங்கும். கணக்கு எளிதுதான், ஆனால் அந்தக் கால் பங்கை எதைக் கொண்டு முடிவு செய்வது, நீர்நிலையிலிருந்து தொலைவிலும் செங்குத்துச் சரிவிலும் உள்ள புல்லைச் சேர்க்கலாமா, மழை பொய்த்த ஆண்டில் எண்ணிக்கையை எப்போது குறைப்பது என்ற கேள்விகளில்தான் தேர்ச்சி வெளிப்படும். இக்கணக்கைப் பல்வேறு நிலங்களுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

கோட்பாட்டுப் பாடங்களை அவை தோன்றிய வரிசையிலேயே படிப்பது நல்லது. ஒரு நிலத்தின் தாவரக் கூட்டம் படிப்படியாக மாறி நிலையான இறுதி நிலையை அடைகிறது என்று 1916-இல் அமெரிக்கத் தாவரச் சூழலியலாளர் கிளெமெண்ட்ஸ் முன்வைத்த தாவர வழிமுறை வளர்ச்சிக் கோட்பாட்டைத் தழுவி, மேய்ச்சலைக் குறைத்தால் நிலம் வந்த வழியே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று நீண்ட காலம் கருதப்பட்டது. வறண்ட நிலங்களில் புதர்கள் மண்டிய பின், கால்நடைகளை முழுவதும் விலக்கியும் புல் திரும்பாத இடங்கள் இருப்பதை அக்கருத்தால் விளக்க முடியவில்லை. 1989-இல் சூழலியலாளர்கள் வெஸ்டோபி, வாக்கர், நோய்-மெய்ர் ஆகியோர் வெளியிட்ட நிலை-மாற்ற மாதிரி, ஒரே நிலத்திற்குப் பல நிலைகள் உண்டு என்றும் அவற்றுக்கிடையேயான மாற்றங்கள் சில எளிதில் மீளாதவை என்றும் காட்டியது. முந்தையதைப் படிக்காமல் பிந்தையதை மனப்பாடம் செய்பவருக்கு, இவ்விவாதம் ஏன் எழுந்தது என்பதே விளங்காது.

விடுமுறைகளில் ஆய்வகத்தைவிடக் களக் கண்காணிப்புப் பணிகளுக்கே விண்ணப்பியுங்கள். மேய்ப்பவர்களிடம் கேட்டறியும் பழக்கமும் அங்கேதான் வரும். எந்தப் புல்லை எந்தப் பருவத்தில் விலங்கு ஒதுக்குகிறது என்பதை அவர்கள் சொன்ன பிறகு, அதை அளந்து சரிபார்ப்பது மாணவரின் வேலை.

வேலைவாய்ப்புக்கான தகுதி விதிகளை இறுதியாண்டு வரை தள்ளிப்போட வேண்டாம். எடுத்துக்காட்டாக, அமெரிக்க மத்திய அரசின் மேய்ச்சல் நில மேலாளர் பணிக்குப் படிப்பின் வழியே தகுதி பெற, பட்டத்துடன், தொடர்புடைய பாடங்களில் 42 பருவ மணிகள் (ஒரு பருவம் முழுவதும் வாரத்திற்கு ஒரு மணி நேரம் நடக்கும் வகுப்பு ஏறத்தாழ ஒரு பருவ மணி) தேவை. அவற்றில் குறைந்தது 18 மேய்ச்சல் நில மேலாண்மையிலேயே இருக்க வேண்டும். சூழலியல் என்ற பொதுப் பெயரில் பட்டம் பெற்றவர்கள் பெரும்பாலும் இந்தப் பதினெட்டில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்பதால், விருப்பப் பாடங்களை இரண்டாம் ஆண்டிலேயே அதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள்.