மோவாயில் முடியா? பிடுங்குவதற்கு முன்

என் மகளுக்குப் பதினேழு வயதில் மோவாயில் கறுத்த முடிகள் முளைத்தன. இரண்டு வருடம் கஸ்தூரி மஞ்சளும் கடலை மாவும் பூசினேன். கழுத்தின் பின்புறம் கறுத்திருந்ததை அழுக்கென்று எண்ணிப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன். தோல்தான் புண்ணானது. அந்தக் கருமை இன்சுலின் மிகுதியின் அடையாளம் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதலில் முடி எங்கே, எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கன்னத்துப் பூனைமுடி எல்லோருக்கும் உண்டு. கை கால்களில் மட்டும் அடர்த்தி என்றால் பெரும்பாலும் பரம்பரை. அத்தையையும் பாட்டியையும் பார்த்தாலே தெரியும். மேலுதடு, மோவாய், மார்பு, தொப்புளுக்குக் கீழே கறுத்துத் தடித்து வளர்ந்தால் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் கூடியிருப்பதைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, மாதவிலக்குத் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். 35 நாளுக்கு மேல் தள்ளிப்போவது, முகப்பரு, எடை கூடுவது, கழுத்துக் கருமை இவையும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். மிகுதியான இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

சாப்பிடும் மருந்துகளையும் எழுதிக்கொண்டு போங்கள். வலிப்புக்கான வால்ப்ரோயேட், கருப்பையின் உட்படலம் வெளியே வளரும் நோய்க்கான டானசோல், தலைமுடிக்கான மினாக்சிடில் போன்றவையும் காரணமாகலாம். ஆனால் வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பரவி, குரலும் தடித்தால் ஒரு வாரம்கூடத் தாமதிக்க வேண்டாம். அரிதாக, சினைப்பையிலோ சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கலாம்.

நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் அல்லது மகப்பேறு மருத்துவரிடம் செல்லுங்கள். போவதற்குச் சில வாரம் முன்பிருந்தே த்ரெட்டிங், வேக்சிங் வேண்டாம். அவர் முடியைப் பார்த்தாக வேண்டும். ரத்தப் பரிசோதனையைப் பொதுவாக மாதவிலக்கின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், காலையில் எடுப்பார்கள்: டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான புரொலாக்டின், சர்க்கரை, அட்ரீனலின் பிறவிக் குறையைக் காட்டும் 17 ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அது முடிவுகளை மாற்றிவிடும். எல்லாமே சரியாக இருந்தும் சிலருக்கு முடி வளரும். அவர்களுக்கும் சிகிச்சை உண்டு.

மருந்தின் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். அதுவரை சவரம் செய்துகொள்ளலாம். சவரம் செய்தால் முடி தடிக்கும் என்பது உண்மையல்ல. இதை என் மகளிடம் மருத்துவரே சொன்ன பிறகுதான் அவள் துப்பட்டாவால் மோவாயை மூடாமல் கல்லூரிக்குப் போனாள்.