பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: இன்ஸ்டால் பண்ணும் முன் ஓட்டிப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், ஓரளவு புதிய புராசஸரும் வேண்டும். எட்டு, பத்து வருடம் ஓடிய லேப்டாப்பில் இதெல்லாம் பெரும்பாலும் இருக்காது. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் அலமாரிக்கு மேல் துணி சுற்றிக் கிடக்கிறதே, அதற்கும் இதே கதிதான். இத்தனைக்கும் 2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

நான் கல்லூரி மாணவன். அக்காவுக்குக் கிடைத்த அப்படியொரு லேப்டாப்பில் ராமை 4 ஜிபி ஆக்கி, லினக்ஸ் மின்ட் போட்டு வைத்திருக்கிறேன். விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) தான் லினக்ஸ், இலவசம்; அதில் ஒரு வகை மின்ட். அசைன்மென்ட், சி புரோகிராம், அப்பாவின் இபி பில் எல்லாம் அதில்தான். நண்பர்களுக்குப் போட்டுக் கொடுக்கும்போது நான் போகும் வரிசையை அப்படியே இங்கே எழுதுகிறேன். இதில் இன்ஸ்டால் என்பது கடைசியில்தான் வரும். அவசரப்படாதீர்கள்.

படி 1: விண்டோஸிலேயே புரோகிராம்களை மாற்றுங்கள்

லினக்ஸுக்கு வந்து திணறுகிறவர்கள் பெரும்பாலும் திணறுவது லினக்ஸால் அல்ல, பழகிய புரோகிராம்கள் இல்லாததால். ஆகவே முதல் இரண்டு வாரம் விண்டோஸிலேயே இருங்கள். வேர்டு, எக்ஸெலுக்குப் பதில் லிப்ரே ஆபிஸ், பிரவுசருக்கு ஃபயர்ஃபாக்ஸ், படம் பார்க்க விஎல்சி, படங்களைத் திருத்த கிம்ப். நான்கும் இலவசம், நான்குமே விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரி ஓடும். கூடவே ஒரு ஆறுதல்: விஎல்சி பாரிஸில் ஒரு கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய புராஜெக்ட், கிம்ப் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் எழுத ஆரம்பித்தது. லினக்ஸையே லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் வெளியிட்டார்.

இந்த இரண்டு வாரத்தில் இன்னொன்றையும் கவனித்து வையுங்கள்: விண்டோஸ் இல்லாமல் முடியவே முடியாத வேலை ஏதாவது இருக்கிறதா? ஆட்டோகேட் படிக்கிறவர்களுக்கு இருக்கும். கல்லூரியில் சேஃப் எக்ஸாம் பிரவுசர் வழியாக ஆன்லைன் தேர்வு வைத்தால் இருக்கும், அது லினக்ஸுக்குக் கிடையாது. அப்படியானால் விண்டோஸை அழிக்க வேண்டாம், இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

படி 2: மெஷின் தாங்குமா?

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட். ராம் எவ்வளவு, 64 பிட்டா என்று அங்கே இருக்கும். லினக்ஸ் மின்ட் 22-க்கு 64 பிட் புராசஸர் கட்டாயம். குறைந்தது 2 ஜிபி ராம், 20 ஜிபி இடம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. என் கணக்கு வேறு: 2 ஜிபியில் மின்ட் ஓடும், ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் மூச்சு வாங்கும். 4 ஜிபி இருந்தால் நிம்மதி.

காசு கொஞ்சம் செலவழிக்க முடியுமென்றால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். எந்த ஓஎஸ் போட்டாலும் இதைவிடப் பெரிய வித்தியாசம் வேறு எதிலும் கிடைக்காது.

படி 3: டவுன்லோட், சரிபார்ப்பு, பென் டிரைவ்

லினக்ஸ் மின்ட் தளத்தில் சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று பதிப்புகள் இருக்கும். பழைய மெஷினுக்கு, மூன்றில் லேசான எக்ஸ்எஃப்சிஇ. ஃபைல் சுமார் 3 ஜிபி, போன் டேட்டாவில் இறக்குகிறவர்கள் அன்றைய கோட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதே தளத்தில் இப்படி இறக்கும் ஒவ்வொரு ஐஎஸ்ஓ ஃபைலுக்கும் (மின்ட் முழுதும் அடங்கிய ஒரே ஃபைல்) ஷா256 என்று ஒரு நீண்ட எண்-எழுத்து வரிசை கொடுத்திருப்பார்கள். அதையும் எடுத்து வையுங்கள்.

அடுத்து விண்டோஸில் ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதும் ரூஃபஸ் என்ற சின்ன புரோகிராமை இறக்குங்கள். 8 ஜிபி பென் டிரைவைச் செருகி, ரூஃபஸில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே டிக் குறி போட்ட ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் உங்கள் ஃபைலின் ஷா256 வரிசையைக் கணக்கிட்டுக் காட்டும். தளத்தில் உள்ளதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் ஃபைல் பழுது, மறுபடி இறக்குங்கள். இன்ஸ்டால் பாதியில் நிற்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் எம்பிஆர் வைத்தால் பயோஸ் (ஆன் ஆனதும் முதலில் ஓடும் புரோகிராம்) உள்ள பழைய மெஷினிலும், அதற்குப் பதில் யூஇஎஃப்ஐ உள்ள புதிய மெஷினிலும் பூட் ஆகும், அதாவது கிளம்பும். ஸ்டார்ட் கொடுத்ததும் ஐஎஸ்ஓ மோடா, டிடி மோடா என்று கேட்கும். ஐஎஸ்ஓ மோடே போதும். பென் டிரைவில் உள்ள எல்லாமே அழிந்துவிடும், கல்யாண போட்டோ இருக்கிறதா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 4: பென் டிரைவிலிருந்து பூட்

பென் டிரைவ் செருகியபடியே லேப்டாப்பை அணைத்து, திரும்ப ஆன் செய்த அடுத்த நொடியிலிருந்து பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவா என்றால் எஃப்12. எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. அசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யவில்லையென்றால், எஃப்2 அழுத்தி பயோஸுக்குள் போய் எஃப்12 பூட் மெனுவை எனேபிள் செய்ய வேண்டும்.

மெனுவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் கிளம்பும். திரை கறுப்பாகவே நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். திரும்ப பூட் செய்து, மின்ட்டின் முதல் பட்டியலில் கம்பேட்டிபிலிட்டி மோடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கிராஃபிக்ஸ் சிப்புகள் அதில் பெரும்பாலும் வந்துவிடும்.

படி 5: ஓட்டிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். இப்போது திரையில் தெரிவது முழு லினக்ஸ். ஆனால் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் எதுவும் மாறவில்லை. எல்லாம் பென் டிரைவிலிருந்தும் ராமிலிருந்தும் ஓடுகிறது. லைவ் செஷன் என்பார்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானைத் தொடாதவரை, அணைத்துவிட்டு பென் டிரைவைப் பிடுங்கினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

நிறையப் பேர் இங்கே ஐந்து நிமிடம் மவுஸை ஆட்டிவிட்டு, அழகாக இருக்கிறது என்று இன்ஸ்டாலை அமுக்கிவிடுகிறார்கள். அப்புறம் சவுண்ட் வரவில்லை, வைஃபை காணோம் என்று புலம்பல். ஒரு முழு மாலை இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் வைஃபை. வலது கீழ் மூலையில் உங்கள் வீட்டு நெட்வொர்க் பெயர் வருகிறதா? வரவில்லையென்றால் சில லேப்டாப்புகளில், முக்கியமாக பிராட்காம் சிப் உள்ளவற்றில், டிரைவர் தனியாக வேண்டும். டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலை உடைக்க ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போனில் யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். மின்ட் அதை ஒயர் போட்ட நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். பிறகு மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் எந்த டிரைவர் வேண்டுமென்று அதுவே சொல்லும்.

அடுத்து ஒரு யூடியூப் வீடியோ. ஸ்பீக்கரிலும் கேட்க வேண்டும், இயர்போன் செருகினாலும் கேட்க வேண்டும். படம் விட்டுவிட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். திரை வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள், டச்பேடில் இரண்டு விரலால் ஸ்க்ரோல், வெப்கேம், ஒவ்வொன்றாக. பிறகு மூடியை மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறங்கள். தூங்கி எழுந்தால் சரி. எழவே இல்லை என்றால் அந்த மெஷினில் ஸ்லீப் தகராறு உண்டு, அதோடு வாழ முடியுமா என்று இப்போதே முடிவு செய்யலாம்.

வீட்டில் பிரின்டர் இருந்தால் அதையும் செருகுங்கள். எச்பியின் பல மாடல்களுக்கான டிரைவர் மின்ட்டோடே வருகிறது. நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் எல்லாம் பார்க்கும் கேனன் எல்பிபி 2900 லினக்ஸில் எளிதில் மசியாது. அது வைத்திருப்பவர்கள் பிடிஎஃப் ஆக்கி போனிலிருந்தோ வேறு கணினியிலிருந்தோ அடிக்கத் தயாராக வேண்டும்.

எல்லாம் மெதுவாக இருக்கும். பென் டிரைவ் வேகம் அவ்வளவுதான், இன்ஸ்டால் செய்தபின் இப்படி இருக்காது.

படி 6: இன்ஸ்டால்

திருப்தியாக இருந்தால் விண்டோஸுக்குத் திரும்பி மூன்று வேலை. ஒன்று, முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். கூகுள் டிரைவிலும் ஒரு நகல் இருந்தால் நல்லது. இரண்டு, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாது. மூன்று, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை வலது கிளிக் செய்து ஷ்ரிங்க் கொடுத்து 50 ஜிபியாவது காலியாக்குங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மறுபடி பென் டிரைவில் பூட் செய்து, சார்ஜரைச் செருகி, இன்ஸ்டால் ஐகான். பாட்டு, வீடியோ ஓடத் தேவையான மல்டிமீடியா கோடெக் பெட்டியை டிக் செய்யுங்கள். எந்த இடத்தில் போடுவது என்று கேட்கும் திரை மட்டும்தான் ஆபத்தானது. விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவு என்ற தேர்வு விண்டோஸையும் வைத்துக்கொள்ளும். டிஸ்க்கை அழித்து நிறுவு என்பது எல்லாவற்றையும் துடைத்துவிடும், டி டிரைவில் உள்ள போட்டோக்களையும் சேர்த்து. எந்த வரியில் புள்ளி இருக்கிறது என்று இரண்டு முறை படித்துவிட்டு அடுத்ததை அமுக்குங்கள். நேரமண்டலத்துக்கு கொல்கத்தா.

இரண்டு ஓஎஸ் வைத்திருக்கும் சில கணினிகளில் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் நிற்கும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமென்று படிக்கிறது. அவ்வளவுதான் விஷயம், வைரஸ் இல்லை. விண்டோஸின் நேர செட்டிங்ஸில் சிங்க் நவ் கொடுத்தால் அப்போதைக்குச் சரியாகிவிடும்.

படி 7: முதல் நாள் வேலைகள்

அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள். பிறகு டைம்ஷிஃப்ட் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். எதையாவது நோண்டிக் கெடுத்தாலும் சிஸ்டம் இந்த நிலைக்குத் திரும்பிவிடும். உங்கள் சொந்த ஃபைல்களுக்கு இது பேக்கப் ஆகாது, அதைத் தனியாகச் செய்ய வேண்டும்.

தமிழ் டைப்பிங்குக்கு சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் எம்17என் என்று தேடி நிறுவுங்கள். மெனுவில் இன்புட் மெத்தட் போய் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து வாருங்கள். ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழைச் சேர்க்கப் போனால் தமிழ்99, ஃபொனெட்டிக், டைப்ரைட்டர் எனப் பல பெயர்கள் வரும். தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்த அத்தைக்கு டைப்ரைட்டர். போனில் தங்கிலீஷ் அடித்தே பழகியவர்களுக்கு ஃபொனெட்டிக். புதிதாகக் கற்கிறவர்கள் தமிழ்99 எடுங்கள். உயிரெழுத்துகள் இடது கையில், மெய் வலது கையில். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு, நடுவில் உள்ள புள்ளியை அதுவே போட்டுக்கொள்ளும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பார்.

பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்கள் கன்னாபின்னாவென்று தெரிந்தால் அந்த எழுத்துரு இல்லை என்று அர்த்தம். விண்டோஸில் இருந்த எழுத்துரு ஃபைலை எடுத்துவந்து இரட்டை கிளிக் செய்து நிறுவினால் போதும்.

புராஜெக்ட் ரிப்போர்ட்டில் டைம்ஸ் நியூ ரோமன் கேட்பார்கள். மின்ட்டில் அது இல்லாவிட்டாலும் லிபரேஷன் செரிஃப் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தின் அகலமும் டைம்ஸ் நியூ ரோமனோடு ஒன்றுதான், ஆகவே வரி உடைவது மாறாது. காலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ. கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள், சார் வேர்டு ஃபைல்தான் வேண்டும் என்றால் மட்டும் டாக்எக்ஸாகச் சேமியுங்கள்.

சி புரோகிராமுக்கு ஜீனியும் (புரோகிராம் எழுதும் எடிட்டர்) பில்ட் எசென்ஷியலும் (ஜிசிசி என்ற கம்பைலர் இதில் வரும்) நிறுவுங்கள். எஃப்9 அழுத்தினால் பில்ட், எஃப்5 அழுத்தினால் ஓடும். லேபில் இன்னும் டர்போ சி நீலத்திரைதான் என்றால், அங்கே எழுதிய புரோகிராம் இங்கே முதல் வரியிலேயே முரண்டு பிடிக்கும்: கோனியோ ஹெடர் டாஸ் காலத்துச் சரக்கு, லினக்ஸின் ஜிசிசியில் கிடையாது. அந்த வரியையும் கிளியர் ஸ்க்ரீன், கெட் சிஎச் வரிகளையும் எடுத்துவிட்டு, வாய்ட் மெயின் என்பதை இன்ட் மெயின் ஆக்குங்கள். ரெக்கார்டு நோட்டில் மட்டும் சார் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.